கோடையில் ஊற்றிய தண்ணீர்

ரொண்டா அத்தை பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பேருந்தில் நாற்பது பிள்ளைகள் கத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆனால் அவள் தோட்டத்தில் எவனாவது தண்ணீர்க் குழாயைத் தொட்டால் தெருமுனை வரை கேட்கும். காரணம், சியனோத்தஸ். எங்கள் கலிபோர்னியா மலையடிவாரத்துச் செடி. மார்ச்சில் நீலமாகப் பூத்து, தேனீக்களால் புதரே முனகும். வெயில் காலத்தில் காய்ந்த மாதிரி நிற்கும். அப்போது பாவம் பார்த்து நனைத்தால் வேர் அழுகிவிடும்.

கிளிஃப் மாமா அத்தையைக் கல்யாணம் செய்துகொண்ட வருஷம் நட்ட செடி அது. பக்கத்தில் பலகை ஒன்றும் வைத்திருந்தார்: 'தண்ணீர் வேண்டாம். செத்துவிடும்.' மே மாதம் நான் அதைப் பிடுங்கிப் போய்த் தேவாலயத்துக் குடிதண்ணீர்க் குழாய்மேல் மாட்டினேன். ஒரு ஞாயிறு முழுக்க ஒருத்தரும் தண்ணீர் குடிக்கவில்லை. போதகர் பலகையை உடைத்துக் குப்பையில் போட்டார்.

ஜூனில் கிளிஃப் மாமா டிரக்கைப் பழுது பார்க்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

அத்தை அழவில்லை. படுக்கவும் இல்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். தேவாலயத்துப் பெண்கள் முறை வைத்து வந்தார்கள். மக்ரோனி செய்துகொண்டு வந்தார்கள், கூடவே தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி வெர்னா, ரப்பர் குழாயைச் செடிப் பக்கம் பிடித்தாள்.

"பாவம், எப்படி வாடிக் கிடக்கு பாருடா."

"அதுக்குத் தண்ணி ஆகாது. நிஜமா. செத்துடும்."

"சர்ச் குழாய்ல போர்டு மாட்டுனவன்தானே நீ? போடா அந்தப் பக்கம்."

பொய் சொல்லும்போது நம்புகிறவர்கள் நிஜத்துக்கு இப்படித்தான்.

உள்ளே ஓடினேன். "அத்தை, செடிக்குத் தண்ணி ஊத்துறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தண்ணீர் அடித்தண்டில் குளமாக நின்றது.

"ஊத்தட்டும்."

வாரம் இரண்டு நாள், செப்டம்பர் வரை ஊற்றினார்கள். ரப்பர் குழாயை ஒருமுறை அறுத்தேன். புதுசு வாங்கி வந்துவிட்டார்கள், பாவிகள்.

அக்டோபரில் இலை முழுக்கப் பழுப்பாகிவிட்டது. மாமா போன பிறகு அத்தை முதல்தடவையாகத் தோட்டத்துக்கு வந்தாள். தண்டை லேசாக ஆட்டினாள். ஆடியது. மண்ணை முகர்ந்து பார்த்தாள்.

"போர்டை எடுத்தது நான்தான் அத்தை," என்றேன்.

"தெரியும். கிளிஃப் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் வாயைத் திறந்திருக்கணும்," என்றாள். காய்கறி விலை சொல்வதுபோல.

பிடுங்கிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்து வந்தேன்.

"வேணாம், விடு. அடியில காடை பதுங்குது."

குனிந்து பார்த்தேன். ஆறேழு காடைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. மண்வெட்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தேன். அத்தை கைமண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.