தேய்த்துத் தேய்த்துத் துடைத்த கேமரா

போன வாரம் கிள்ளானில் ஒரு ஜோடி சப்பாத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது, புதுத் தோல் வாசனையோடு ஈரம் உறிஞ்சும் மணிகள் அடைத்த சின்னப் பொட்டலம் ஒன்று விழுந்தது. மனைவி அதைக் குப்பையில் போடப் போனாள். நான் அவசரமாக வாங்கி மேசை டிராயருக்குள் போட்டேன். எதற்கு என்று கேட்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், கிள்ளானுக்குப் பக்கத்தில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்தேன். கூட வேலை செய்த குமரனும் நானும் சேர்ந்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற டிஜிட்டல் வீடியோ கேமரா ஒன்று வாங்கினோம். சனி ஞாயிறுகளில் கல்யாணம், காதுகுத்து என்று படம் பிடித்தோம். அவன் கைக்குப் படம் நன்றாக வரும். என் கைக்கு வந்தது பராமரிப்பு. நம் மலேசியக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும் என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். அதனால் அந்தக் கேமராவைப் பிஸ்கட் டின்னில், இந்த மாதிரிப் பொட்டலங்களுக்கு நடுவே படுக்க வைப்பேன். பிள்ளை பெற்றவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று குமரன் சிரிப்பான்.

டேப்பில் படத்தைப் பதித்துப் படிக்கும் ஹெட்டைத் துடைக்கச் சொரசொரப்பான ஒரு தனி டேப் உண்டு. படம் உடைந்தால் மட்டும், பத்தே விநாடி ஓட்ட வேண்டும். நானோ ஒவ்வொரு விசேஷத்துக்குப் பிறகும் ஓட்டினேன், எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் புவனம் ஆன்டி என்று ஓய்வு பெற்ற ஆசிரியை இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பாவின் சாவுக்குக்கூட வராமல் லண்டனிலேயே இருந்துவிட்ட தம்பி, இருபது வருடம் கழித்து மூன்று நாள் தங்க வந்திருந்தார். இருவரும் பேசிக்கொண்டிருப்பதைப் படம் பிடித்துத் தர முடியுமா என்று ஆன்டி கேட்டார். குமரனுக்குக் காய்ச்சல். நான் போனேன்.

அன்று மத்தியானம், பழைய கதைகளுக்கு நடுவில், தம்பி திடீரென்று அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். ஆன்டி அழுதார். பிறகு அவரும் அழுதார். எங்கே படம் எடுத்தாலும் கிளம்பும் முன் டேப்பை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது குமரன் போட்ட சட்டம். அழுது ஓய்ந்த இருவர் முன்னால் அதைச் செய்யக் கூச்சமாக இருந்தது. சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை வீட்டு டிவியில் போட்டால், திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்த படம். குரலும் விட்டுவிட்டு வந்தது. தம்பிக்கு அன்று மாலை விமானம். அவசர லீவு சொல்லிவிட்டு, கிள்ளானில் தெரிந்த ஸ்டூடியோக்காரரிடம் அவருடைய பெரிய கேமராவை இரவல் வாங்கி, கொமுட்டர் ரயில் பிடித்தேன். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். ஆன்டி கதவைத் திறந்ததும் உண்மைதான் வந்தது. கேமரா கெட்டுவிட்டது, நேற்றே நான் பார்த்திருக்க வேண்டும் என்றேன்.

ஆன்டி தம்பியைப் பார்த்தார். இன்னொரு முறை பேச முடியுமா என்று நான்தான் அவரைக் கேட்டேன்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டன் தம்பி," என்றார் அவர் என்னிடம். "திருப்பி நடிக்க எனக்கு வராது."

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிடப் போகிறோம், வேண்டுமானால் அதை எடு என்றார். எடுத்தேன். அக்கா புட்டு வைத்தார், தம்பி போதும் என்று கையால் மறைத்தார், அவர் மறுபடி வைத்தார். பேச்சே இல்லை.

சில நாள் கழித்து அந்தச் சாப்பாட்டு டேப்பைக் கொடுக்கப் போனபோது ஆன்டி கேட்டார்: "உடைஞ்ச டேப்பையும் தாங்கோ." கொடுத்தேன்.

கிள்ளானில் கேமராவைப் பிரித்துப் பார்த்த ரிப்பேர்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஹெட்டு தேஞ்சு போச்சு லா, பாஸ். யாரு இவ்ளோ தேச்சது?"

குமரன் என்னைப் பார்த்தான்.

ஆன்டி இப்போது உயிரோடு இல்லை. அவருக்கு அடுத்த வருடமே தம்பியும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அந்த மத்தியானம் அந்த அறையில் இருந்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். தம்பி மன்னிப்புக் கேட்டது தெரியும். என்ன வார்த்தைகளில் கேட்டார் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். வரவில்லை. அந்த நேரத்தில் நான், ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் அதிகமாக விழுகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.