படகு கரைக்கு வரும் வரை

புதுச்சேரி பக்கத்தில், நோணாங்குப்பத்தில் படகு விடும் ஒருவருக்கு நான்தான் வெப்சைட் பார்த்துத் தருகிறேன்.

அதில் டிக்கெட் பட்டனை அழுத்தினால் அடுத்த பக்கம் சட்டென்று வராது. அதுவரை திரையில் ஒரு சின்னப் படகு கரையை நோக்கி மெல்ல வந்துகொண்டிருக்கும். கோளாறுகளைக் காட்டும் பிரவுசர் கன்சோலைத் திறந்தாலே, கிளிக் செய்ததும் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் ரொம்ப நேரம் எடுக்கிறது என்று ஒரு மஞ்சள் எச்சரிக்கை. மாதக்கணக்கில் கண்ணை உறுத்தியது. இன்று காலை உட்கார்ந்து சரிசெய்துவிட்டேன்.

மதியம் பாரிஸிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

“என்னடி பண்ண? படகு கெளம்புறதுக்குள்ள அடுத்த பக்கம் வந்துடுது.”

“வேகமாக்கிட்டேன்க்கா. நீ எதுக்கு அங்க இருந்து டிக்கெட் பாக்குற?”

“டிக்கெட்டு யாருக்குடி வேணும்? வேலைக்குப் போறப்ப மெட்ரோல ஒக்காந்து அமுத்துவேன். அந்தப் படகு கரைக்கு வர்ற வரைக்கும் நானே ஊருக்கு வர்ற மாதிரி இருக்கும்.”

இந்த வருஷமாவது லீவு கிடைக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். “சரிக்கா, பாக்குறேன்” என்றேன்.

சாயங்காலம் பழைய புரோகிராமையே திரும்பப் போட்டுவிட்டேன். மஞ்சள் எச்சரிக்கையும் கூடவே வந்துவிட்டது.

படகுக்காரர் கேட்டால் சொல்வதற்கு, நம்பும்படியான காரணம் ஏதாவது இருந்தால் கமென்டில் போடுங்கள்.