ரிச்மண்ட் காசில் தோட்டமும் குடைக்குள் விழுந்த பூவும்

போன வெள்ளிக்கிழமை களுத்துறை ரிச்மண்ட் காசில் மாளிகைக்குப் போனேன். காரணம் என் மகள் துஷி. கொட்டாஞ்சேனை அன்ரனை அவளுக்கு நிச்சயித்திருக்கிறோம். நாங்கள் சைவம், அவர்கள் கத்தோலிக்கம். கோயிலிலும் சேர்ச்சிலும் கலியாணம் என்பது சரி. முதலில் எங்கே என்பதில் நானும் அன்ரனின் அம்மா ஸ்டெல்லாவும் இரண்டு மாதமாக விட்டுக்கொடுக்கவில்லை.

"வரவேற்புக்கு அந்தத் தோட்டம் சரிவருமோ எண்டு ரெண்டு பேரும் பாத்திட்டு வாங்கோ. இண்டைக்கும் முடிவில்லையெண்டா நாங்கள் கலியாணத்தைப் பதிவோட நிப்பாட்டுறம்" என்றாள் துஷி.

வெள்ளவத்தையில் காலை 7.10 ரயில். ஸ்டெல்லா கோட்டையிலேயே ஏறி எனக்கு இடம் பிடித்திருந்தார். ஒன்றேகால் மணித்தியாலமும் கடலைத்தான் பார்த்தோம். களுத்துறை தெற்கிலிருந்து ஓட்டோ 400 ரூபா, மூன்று கிலோமீற்றர். நுழைவுச்சீட்டு ஆளுக்கு 200.

மாளிகை ஒரு மேட்டில் இருக்கிறது. இந்திய அரண்மனை ஒன்றைப் பார்த்துக் கட்டியதாம். மரத்தூண்களின் செதுக்கல் எங்கள் தேர்களை நினைவூட்டியது. வளைவுகளும் நிறக்கண்ணாடிகளும் முழு வெள்ளைக்காரப் பாணி. நிலத்து ஓடு இத்தாலியிலிருந்து வந்ததென்றார் காவலாளி. வாசலில் இருந்து தோட்டம் படிப்படியாக இறங்குகிறது. முந்நூறு பேர் தாராளமாக இருக்கலாம்.

கீழே ஓர் அரலியா மரம், அதாவது ஈழத்தலரி, வெள்ளையாகப் பூத்திருந்தது. வெள்ளிக்கிழமை அல்லவா, என் கை தானாக உயர்ந்தது.

"நோனா, மல் கடண்ட எபா!" என்று தோட்டக்காரர் சிங்களத்தில் சத்தம் போட்டார். பறிக்காமல் கீழே கிடப்பதை எடுக்கச் சொன்னார். ஸ்டெல்லா உடனே மாதாவுக்கென்று பொறுக்கத் தொடங்கினார்.

"எடுங்களன் அக்கா."

"நிலத்தில விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கிறேல்லை."

"ஒங்கட சாமிக்கு அவ்வளவு கண் பார்வையா?"

எனக்குச் சுருக்கென்றது. ஸ்டெல்லா மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு வெயிலுக்குக் கொண்டுவந்த குடையை விரித்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார். காற்று வந்த பக்கமெல்லாம் ஓடினார். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி வேறு. தோட்டக்காரர் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கால் மணித்தியாலத்தில் ஐந்து பூ.

"நிலம் தொடேல்ல. இப்ப ஓகேயா?" என்று மூச்சு வாங்கியபடி குடையை நீட்டினார்.

ஏன் அப்படி ஒரு வழக்கம் என்று அவர் கேட்கவே இல்லை. பூக்களை ஒவ்வொன்றாகக் கைலேஞ்சியில் வைத்துக் கட்டும்போது என் வாயிலிருந்து வந்தது: "முதல் சேர்ச்சிலயே நடக்கட்டும், ஸ்டெல்லா."

"பொறகு கதைய மாத்த மாட்டீங்களே?"

"மாட்டன்."

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. படிகள் அதிகம், தட்டைச் செருப்பே நல்லது. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஒத்துவராத ஆட்களோடு போவதானாலும் பயப்பட வேண்டாம், இடம் பெரிது.

துஷிக்கு அங்கிருந்தே போன் எடுத்து, "முதல் சேர்ச்" என்றேன்.

"அம்மா, போனை அன்ரியிட்டைக் குடுங்கோ."

ஸ்டெல்லா வாங்கினார்.

"நான் ஒண்ணும் மிரட்டேல்ல மகள்" என்றார்.