வெளுத்த மணல்

எனக்கு முன்கோபம் அதிகம். வாய் திட்டத் தொடங்குவதற்குள் கை போய்விடும். ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் அப்போது நான்கு தறிகள் ஓடின. தறிச் சத்தத்தை மிஞ்சி என் சத்தம் கேட்கும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். என் தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். இருபத்திரண்டு வயதில், மீசையோடு நின்று என்னிடம் அறை வாங்குவான். எதிர்த்து ஒரு சொல் சொல்ல மாட்டான். எனக்கு அதனாலேயே இன்னும் ஆத்திரம் வரும்.

யுத்தத்துக்கு ஐந்தாறு வருஷம் முன்னால் படுக்கை விரிப்பு விற்க ஏற்காட்டுக்குப் போனவன், சீமைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு துரைசாணியிடமிருந்து கண்ணாடித் தொட்டி ஒன்றும் ஆறு சிவப்பு மீன்களும் வாங்கிக்கொண்டு வந்தான். மீன்களைப் பித்தளைக் குடத்தில் விட்டு, மலைப் பாதை முழுக்கக் குடத்தை மடியில் கட்டிப் பிடித்தபடி பஸ்ஸில் வந்திருக்கிறான். "வித்துட்டு வந்த லட்சணமாடா இது?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். தண்ணீர் சிந்தாமல் அடியை வாங்கிக்கொண்டான்.

தொட்டிக்கு அடியில் என்ன பரப்புவது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. முதலில் ஏரி வண்டலைப் போட்டான். தண்ணீர் கலங்கிக் காப்பித் தண்ணியாகி, இரண்டு நாளாகியும் தெளியவில்லை. அந்தச் சேற்றை வாரி அவன் தலையிலேயே கொட்டினேன். அடுத்து காட்டுச் சரளையைப் போட்டான். போட்ட பொரியெல்லாம் கல் இடுக்கில் இறங்கி அழுகி, வீடே நாறியது. சரளையை நான் காலால் எத்திய எத்தில் ஒரு கல் பறந்து அவன் புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, வெண்ணந்தூர்ப் பக்கம் திருமணிமுத்தாற்றுக்கு நடந்தே போனான்.

கொண்டு வந்த ஆற்று மணலை முதலில் அரிசிச் சல்லடையிலும் பிறகு ரவைச் சல்லடையிலும் சலித்தான். அடியில் தங்கிய மாவுபோன்ற பொடியையும் மேலே நின்ற கல்லையும் தள்ளிவிட்டு, நடுவாந்தரமானதை மட்டும் எடுத்துக் கிணற்றடியில் தண்ணீர் தெளியும் வரை அலசினான். அதை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பியதும் மீன்கள் அடங்கின. மணலை வாயில் அள்ளுவதும் துப்புவதுமாகத் திரிந்தன. "மேயறதப் பாருங்கண்ணா" என்றான். பார்த்தேன். பிடித்திருந்தது. அவனிடம் சொல்லவில்லை. பல் துலக்கியதும் முதல் வேலையாக அங்கே போய் நிற்க ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில் சேலத்து நூல் வியாபாரி ஒருவர் தம்பிக்குப் பெண் கொடுக்கும் யோசனையோடு ஒரு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. முன்கூடத்தில் அந்தத் தொட்டி இருந்தால் வீட்டுக்கே ஒரு எடுப்பு. ஆனால் மணல் மட்டும் அழுக்குக் கறுப்பாக என் கண்ணை உறுத்தியது. நெசவுக்காரனுக்கு மங்கலாக எதைப் பார்த்தாலும் ஒரே வைத்தியம்தான் தெரியும். வெளுக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை தம்பியைச் சந்தைக்கு அனுப்பினேன். மீன்களைக் குடத்துக்கு மாற்றிவிட்டு, மணலை நூல் வேகவைக்கும் அண்டாவில் கொட்டிச் சோடாக் காரம் போட்டுக் கொதிக்கவிட்டேன். பிறகு வெளுப்புத் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நூலை அலசுவதுபோல மூன்று தண்ணீர் அலசினேன். மணல் பச்சரிசி நிறத்துக்கு வந்துவிட்டது. தொட்டியில் பரப்பி, தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டுவிட்டுப் பெருமையாகத் தறிக்குப் போனேன். நூலுக்குப் போதுமான அலசல் மணலுக்குப் போதாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

தம்பி சாயங்காலம் சந்தையிலிருந்து வந்தபோது ஆறு மீன்களும் மல்லாந்து மிதந்திருக்கின்றன. தொட்டிக்குள் கையை விட்டு மணலை அள்ளி மோந்து பார்த்தவன், பிடித்த பிடியோடு தறிக்கூடத்துக்கு ஓடி வந்தான். "அண்ணா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க பாருங்க!" அவன் என்னிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். உயர்ந்து வந்த முஷ்டி மட்டும்தான் என் கண்ணில் பட்டது. சுவரில் சாத்தியிருந்த பழைய படைமரத்தை, துணி சுற்றும் கட்டையை, எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். முஷ்டி விரிந்தது. வெள்ளை மணல் தறியில் விரிந்திருந்த பாவு நூலின் மேல் கொட்டியது. வெளுப்புத் தூளின் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் இன்னொரு அடி அடித்தேன். அந்த இரண்டாவது அடியில்தான் எலும்பு முறிந்தது. "ஏனுங்க, கொன்னு போடாதீங்க!" என்று என் மனைவி குறுக்கே விழுந்தாள். அவளை உதறிவிட்டு முன்கூடத்துக்குப் போய்த் தொட்டியையும் அதே கட்டையால் நொறுக்கினேன். செத்த மீன்கள் வாசல்வரை வழுக்கிக்கொண்டு போயின.

வலது கை. தறியில் ஊடை நூலை ஓட்டும் நாடாவின் கயிற்றை இழுக்கும் கை. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, இனி இந்தக் கை வேகமாகச் சொடுக்காது என்று சொல்லிவிட்டார். மறுநாள் வந்த வியாபாரி தம்பியின் கைக்கட்டைப் பார்த்தார், மோர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் கூடினார்கள். அப்பா இல்லாத வீட்டில் அப்பா ஸ்தானத்தில் இருக்கும் அண்ணன்மேல் தம்பி கை ஓங்கினானா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. ஓங்கவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மணலை வெளுத்தது நான், அதைக் காட்டத்தான் ஓடி வந்தான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொல்லத்தான் நினைத்தேன். சுற்றி அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டேன். அவமானத்துக்கு அப்படிப் பயந்தேன்.

பெரியப்பா அவன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு சாமி. ஓங்குனியா?"

தம்பி என் முகத்தைப் பார்த்தான். காத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க பெரீப்பா, ஓங்கிட்டனுங்க" என்றான்.

அண்ணன் காலில் விழச் சொன்னார்கள். கட்டுப் போட்ட கையை ஊன்ற முடியாமல் பக்கவாட்டில் சரிந்து விழுந்தான். யாரோ திருநீற்றுத் தட்டை என்னிடம் நீட்டினார்கள். எடுத்து அவன் நெற்றியில் பூசினேன்.

"எந்திரி சாமி" என்றேன்.