கோல் கம்பத்துக்குப் பின்னால் நோரீன்

ஸ்கெல்பி டவுன் கால்பந்து கிளப்பின் சரித்திரத்தை, படிப்பாளிகள் எழுதினால் நூற்பாலையில் தொடங்குவார்கள். ஆலைத் தொழிலாளிகள் ஆரம்பித்த கிளப், ஆலை மூடியதும் லீக் வரிசையில் மூன்று படி கீழே இறங்கியது. பிறகு நான் தலைவரானேன். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சுவர் பூசப் போனவன், என் சொந்தக் காசில் பார்வையாளர்கள் உட்காரக் கூரை போட்ட ஸ்டாண்டு கட்டிக் கொடுத்தேன். இந்த லீக்கில் அதற்கு ஈடு கிடையாது.

இருந்தாலும் எங்கள் சரித்திரம் என்றால் அது நோரீன் கிளெக்தான்.

பிஸ்கட் கம்பெனியில் பெட்டி அடுக்கியவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் இடம் எதிரணி கோல்கீப்பரின் முதுகுக்குப் பின்னால், தடுப்புக் கம்பி ஓரம். கெட்ட வார்த்தை ஒன்று வராது, ஆனால் வாய் ஓயாது. “தம்பி, கையுறை மட்டும்தான் வந்திருக்கு போல. கைய வீட்லயே வச்சுட்டியா?” என்பாள். எத்தனையோ கீப்பர்கள் திரும்பிப் பார்த்த நேரத்தில் கோல் வாங்கியிருக்கிறார்கள்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். எங்கள் ஆட்களும் தேநீரும் கறிப் பஃப்ஸுமாக மைதானத்தைச் சுற்றி எதிரணி கீப்பர் போகும் கோலுக்கு நடப்பார்கள். முன்னால் போகிறவள் நோரீன்.

ஒரு குளிர்காலத்தில் அவளை இடுப்பெலும்பு கைவிட்டது. சக்கர நாற்காலியில் வந்தாள். மைதானத்தைச் சுற்றிச் சேறு, சக்கரம் நகரவில்லை. இரண்டாம் பாதி ஆட்டம் முழுக்க எங்கள் கீப்பருக்குப் பின்னாலேயே வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். நம்ம பையனை எப்படித் திட்டுவது என்று கேட்டாள்.

என் ஸ்டாண்டில் நடு இடம் தருகிறேன், பெயர்ப் பலகையும் வைக்கிறேன் என்றேன்.

“லென், அங்கேருந்து கத்துனா அவனுக்குக் கேக்குமா?”

“கேக்காது.”

“அப்ப உன் கூரை எனக்கு எதுக்குப்பா?”

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அடுத்த சனிக்கிழமைதான் கடைசி, அதற்குமேல் வீட்டில் ரேடியோ போதும் என்று சொல்லிவிட்டாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தது பிராம்ஹீத் அணி. கீப்பர் செம்பட்டை முடிக்காரன், ஆள் அலமாரி மாதிரி. நோரீனும் அப்படித்தான் கூப்பிட்டாள். கால்களுக்கு நடுவே பந்தை விட்டு அவன் ஒரு கோல் வாங்கியதும், “அலமாரிக் கதவு தொறந்தே கெடக்குப்பா, யாராவது சாத்துங்க” என்றாள். அவன் காது சிவந்தது.

இடைவேளை முடிந்து வெளியே வந்தவன் தன் கோலுக்குப் போகவில்லை. நேராக அவளிடம் வந்தான். அடிதடி என்று நினைத்து ஓடினேன். எனக்கு அப்போதே எழுபது.

“நானும் அந்தப் பக்கந்தாம்மா போறேன்” என்றான். நாற்காலியோடு அவளைத் தூக்கித் தடுப்புக்கு உள்ளே வைத்து, புல்மேல் எல்லைக்கோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். நடுவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாத்துத் தள்ளு தம்பி. பந்தை விட்ட மாதிரி என்னையும் விட்டுடாத” என்றாள் நோரீன். கூட்டமே சிரித்தது, அவனும்தான்.

செய்தி லீக் முழுக்கப் பரவியது. இப்போது வெளியூர்க் கீப்பர்கள் வந்ததுமே அவளைத்தான் விசாரிக்கிறார்கள். தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு அவள் கேலியில் சலுகை எதுவும் கிடையாது.

நான் சும்மா இருப்பேனா? மைதானத்தைச் சுற்றி அவளுக்காகவே சிமெண்டுப் பாதை போட்டேன், என் கையாலேயே. ஒரு பொட்டுத் தண்ணீர் தேங்காது. நோரீன் இன்றுவரை அதில் ஒரு தடவைகூடப் போனதில்லை.

ஆனாலும் நல்ல பாதை.