காலாவதியான லைசென்ஸும் ஞாயிற்றுக்கிழமை ஓலையும்

ராத்திரி வீடு அடங்கிய பிறகு இருட்டில் 'க்ளிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் மற்றவர்கள் திருடனோ என்று பயப்படுவார்கள். சப்போர்ட் வேலையில் இருக்கும் நாம் கஸ்டமரோ என்று பயப்படுவோம். கடிதம், கொட்டேஷன் அடிக்கிற மென்பொருள் செய்யும் ஒரு சின்ன புனே கம்பெனிக்கு, விஷ்ராந்த்வாடி வீட்டிலிருந்தபடியே பதில் சொல்வது என் வேலை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்ட ஒரே கம்பெனி. இது போனால் இன்னொன்று கிடைக்காது என்ற நடுக்கம் எப்போதும் உண்டு. கான்வென்டில் படித்தவள் வேறு. தப்பே செய்யாமல் 'ஸாரி' சொல்லும் வாய்.

கொட்டேஷன்

கசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் போன் செய்தார். ஆர்டர் கேட்டு அவர் ஒரு ஃபாக்டரிக்கு அனுப்பிய கொட்டேஷன் அங்கே திறக்கவில்லையாம். திறக்காதுதான். எங்கள் கோப்பு எங்கள் மென்பொருளில் மட்டுமே திறக்கும். எதிலும் திறக்கிற பொது வடிவத்தில் சேமிக்க வேண்டுமென்றால் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும்.

கம்பெனி எழுதிக் கொடுத்த பதிலை அப்படியே வாசித்தேன்: "அவர்களையும் நம் மென்பொருளை வாங்கச் சொல்லுங்கள், சார்." பட்டறையில் யாரையோ லேத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு ஹிந்தியில் பொறுமையாகக் கேட்டார்: "மேடம், நான் ஒரு லெட்டர் போட்டா, அதைப் படிக்க அவங்க என் மூக்குக்கண்ணாடியையும் வாங்கணுமா?"

ஓலை

சனிக்கிழமை சாயங்காலம். தேஹு ரோடு பக்கம் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபையின் செயலர் கூப்பிட்டார். மறுநாள் ஆராதனையில் கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்ற அறிவிப்பு, வாசிக்க வேண்டும், கோப்பு திறக்கவில்லை. லைசென்ஸ் முந்தின நாள் முடிந்துவிட்டது. புதுப்பிக்கிற பிரிவுக்குத் திங்கள்வரை லீவு. "மாப்பிள்ளை, பொண்ணு பேரு தெரியாதா அங்கிள்?" என்றேன். "தெரியும்மா. ரெண்டு வீட்டு அப்பா அம்மா பேரு, சபைப் பேரு எல்லாம் அதுலதானே இருக்கு? ஒண்ணை மாத்தி வாசிச்சா கல்யாண வீட்டுக்காரங்க என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க!"

லைசென்ஸ் முடிந்தவர்களுக்கு 'புதுப்பியுங்கள்' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லக்கூடாது. ஆனால் அவர் பதறுவதைக் கேட்டுக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. கோப்பை எனக்கு அனுப்பச் சொல்லி, என் அலுவலகக் கணினியில் திறந்து, பொது வடிவத்துக்கு மாற்றினேன். அதைத் திறக்க ஓர் இலவச மென்பொருளையும், இங்கிருந்தே அவர் கணினியோடு இணைந்து, அதில் ஏற்றிக்கொடுத்தேன். ஓலை கண்ணில் பட்டதும் அங்கிள் சொன்னார்: "தோத்திரம்மா! நீ கம்பெனி வேலை பாக்குறியா, ஊழியம் செய்றியா?"

சிவப்புப் புள்ளி

அவர் போனை வைத்த பிறகுதான் திரையோரச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். எங்கள் திரையில் நடப்பதும் மைக்கில் கேட்பதும் பதிவாகும் என்பது நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியும். அவசரத்தில் மறப்பதும் நாம்தான். எங்கள் கம்பெனி ஆள், எங்கள் நேரத்தில், வேறொருவர் மென்பொருளை ஏற்றுவது முழுக்கப் பதிவாகியிருந்தது. ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசித்தார்களோ என்னவோ, நான் வேலைக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

திங்கள் மத்தியானம் என் டீம் லீடர் குல்கர்ணி மேடம் கூப்பிட்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு "ஸாரி மேடம்" என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அவர் சொன்ன கதையே வேறு. பெரிய கம்பெனி ஒன்று தன் கோப்பு வடிவத்தைத் திறந்து காட்ட மறுக்கிறது, இது அநியாயம் என்று எங்கள் டைரக்டர் அந்த வாரம்தான் புகார் எழுதிக்கொண்டிருந்தாராம். மேடம் என் பதிவை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டி, "நாம செய்றது மட்டும் என்ன சார்?" என்று கேட்டிருக்கிறார். லைசென்ஸ் முடிந்தாலும் அவரவர் கோப்பைத் திறக்கலாம், பொது வடிவத்தில் சேமிக்கலாம். இனி அதற்குத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை என்று முடிவாகிவிட்டது. என் வேலைக்கும் ஆபத்தில்லை. அந்த அம்மாளுக்கு நான் என்றென்றும் நன்றியுள்ளவள். கடைசியில் சொன்னார்: "அடுத்த தடவை மைக்கை மட்டும் ம்யூட் பண்ணும்மா, பேபி அழுததைக் கேட்டு டைரக்டர், 'யாரு, கஸ்டமரா?'ன்னு ரெண்டு தடவை கேட்டார்."

இதை எழுதி முடிக்கும்போது இரண்டாம் ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரரும் வந்துவிட்டார், ஒரு வழியாகக் கதவை உள்ளேயிருந்து தாழிட்டேன். காலையில் இந்தக் கதவைத் திறக்க எந்தக் கம்பெனியின் லைசென்ஸும் வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி.