சாஆ பஸ் அட்டை

மலேசியாவின் ஜொகூர் பாரு நகரில், அரசு அலுவலகம் ஒன்றில் மீனலோசனியின் பொறுப்பில் பல கொள்கைத் திட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சுவர்ப்பலகையில் ஊசியால் குத்திய ஓர் அட்டை. மேலதிகாரி மாறும்போதெல்லாம் எது முதலில் என்பதும் மாறும்; அட்டைகளைப் பிடுங்கிப் பிடுங்கி இடம் மாற்றிக் குத்துவதே அவள் பிழைப்பாகிப்போனது. வீட்டிலும் கை சும்மா இராது, அடுக்களைச் சாமான்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பாள்.

புதிதாக வந்த மேலதிகாரி, சாஆ என்ற ஊரின் தோட்டத்துக்குப் பஸ் விடுவதுதான் இனி முதல் வேலை என்றார். அந்த அட்டையில் ஊசித் துளைகளுக்குக் கணக்கில்லை. அதை உச்சியில் வைக்கும்போதே தோட்டத்துப் பேச்சியம்மாள் போனில் அழைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் கேட்டு ஓயாமல் அழைப்பவர்.

"இந்த வாட்டியாச்சும் பஸ் வருமா, மேடம்?"

"கண்டிப்பா வரும்க்கா," என்றாள் மீனலோசனி. மறுபடி பிடுங்க வசதியாக, அவள் கை ஊசியைப் பாதிதான் குத்தியிருந்தது.